மலையில் கல்யாணம் வைக்கப் போகிறீர்களா? முதலில் நாட்களை எண்ணுங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பர்மிங்காமில் உட்கார்ந்து முடிவு செய்தபோது, எங்கள் கவலையெல்லாம் மழையைப் பற்றித்தான் இருந்தது. ஆகஸ்டில் பதினேழு நாள் லீவு போட்டுக்கொண்டு நானும், நான் கட்டிக்கொள்ளப் போகும் இவரும் கிளம்பினோம். பந்தல், சமையல், வண்டி எல்லாம் பேசி முடித்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸும் கொடுத்துவிட்டால் மாசியில் வந்து தாலி கட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. பந்தலும் சமையலும் நாலு நாளில் முடிந்தன. மீதி நாட்களை நோட்டீஸ் தின்றது. எங்களைப் போல யாரும் அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். தாத்தா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த குடும்பம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆனது. அந்தக் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலை நடத் தொடங்கியது. இன்றைக்கு டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) என்கிறோமே, அதுதான். அரசுக் காகிதத்தில் எங்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஊரில் இன்னும் சிலோன்காரங்க. நான் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து, நர்சிங் படித்து, பதிமூன்று வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; பிறந்து வளர்ந்தது இங்கேதான், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

இரண்டு பேரும் இந்துவாக இருந்தால் வழி சுலபம். 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அதில் சேர்த்த 7-ஏ பிரிவுப்படி, ஐயர் இல்லாமல் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலும் செல்லும். தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 2009-ன் சட்டம். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை விடுவார்கள். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் 1872-ன் சட்டப்படி தேவாலயத்திலும் செய்யலாம். எங்களுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. லைனுக்குக் கீழே உள்ள மாரியம்மன் கோவில் முன்னால் தாலி கட்ட வேண்டும், அதற்காக இவர் மதம் மாறவும் கூடாது. அப்படியென்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம்தான்.

அந்தச் சட்டத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன்னால் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நோட்டீஸ் அலுவலகப் பலகையில் 30 நாள் இருக்கும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் கல்யாணம். ஆக அறுபது நாளுக்கு மேல். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. ஆகஸ்டில் கொடுத்து மாசியில் கட்டிக்கொள்ளலாம் என்ற எங்கள் கணக்கே தப்பு.

போவதற்கு முன் ஒரு ஆவண எழுத்தரிடம் போனில் கேட்டிருந்தேன். "ஆதார்ல நீலகிரி அட்ரஸ் இருக்குல்ல? அது போதும்மா, ரெண்டு நாள் வேலை" என்றார். முன்பணமும் அனுப்பிவிட்டேன். தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். இந்தப் பணம் எனக்குத் திரும்பி வரவில்லை.

அலுவலகத்தில் கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வை போர்த்திய ஒரு அம்மா இருந்தார். ஆதாரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கோயம்புத்தூரில் குத்திய வருகை முத்திரை வந்ததும் அதன்மேல் விரலை வைத்து, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். உதடு அசைந்தது, நாளை எண்ணினார். "ஆறு நாள்" என்றார். அட்ரஸ் இருக்கிறதே என்றேன். "அட்ரஸ் இருக்கும்மா. நீங்க இருந்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

பின்னால் நின்ற எழுத்தர் விடவில்லை. வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) இருப்பிடச் சான்று வாங்கி வந்தால் முடித்துவிடலாம் என்று எங்களைக் கிளப்பினார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டோம். இரண்டு நாள் சர்வர் இல்லை. மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. நேரிலேயே விசாரிக்கக் கிளம்பினார். ஆதாரில் இருப்பது பழைய லைன் வீட்டு முகவரி. அப்பா ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவும் அப்பாவும் கீழே ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் போய் நின்றபோது என் வீட்டு வாசலில் வேறொரு பிள்ளை புத்தகப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தது. அதன் அம்மா என்னை அடையாளம் தெரியாமல், "அவங்க பொண்ணு லண்டன்ல இருக்குங்க சார்" என்று என் முன்னாலேயே சொன்னாள்.

அப்புறம் அம்மா வீடு. வி.ஏ.ஓ. ரேஷன் கார்டு கேட்டார். கார்டில் இரண்டே பெயர். நான் ஊரில் இல்லை என்பதால் என் பெயரை எடுத்துவிட்டிருக்கிறார்கள்; வருத்தப்படுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை. அம்மா அதைச் சரிக்கட்டுவது போலத் தகரப் பெட்டியைத் திறந்து, பால் கவருக்குள் மடித்து வைத்திருந்த தாத்தாவின் குடும்ப அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மண்டபம் முகாம் முத்திரை, தாத்தாவும் அப்பாயியும் ஒரே போட்டோவில், அப்பா அப்பாயியின் மடியில். அந்த அதிகாரி அதை நின்றுகொண்டே முழுதும் படித்தார். மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்து, "இது உங்க தாத்தா வந்ததுக்கு ஆதாரம்மா. நீங்க இருக்கறதுக்கு நான் எப்படி எழுதறது?" என்றார்.

மூன்றாவது தடவை அலுவலகம் போனபோது பெரிய அதிகாரியே சட்டப் புத்தகத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை. இதையே முதல் நாளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம் கேட்டார்கள். இவருக்கு மணமாகாதவர் என்ற சான்றும், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரையும் (ஒரு நாட்டுக் காகிதம் இன்னொரு நாட்டில் செல்வதற்கான அத்தாட்சி) வேண்டும் என்பது கடைசி நாளில்தான் வந்தது. பிரிட்டனில் அந்த முத்திரையை மில்டன் கீன்ஸில் உள்ள அலுவலகம் தருகிறது. ஊரிலிருந்து ஓடி வாங்க முடியாது. அதனால் போவதற்கு முன்பே உறவினர் ஒருவரை அனுப்பி, நீங்கள் பதியப் போகும் அதே அலுவலகத்தில் என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் மாமா. தாய்மாமன், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "மாப்பிள்ளைக்கு ஒரு பேரை மாத்தி, மதம் மாறினதா சர்டிபிகேட் வாங்கிட்டா ரெண்டே நாள்ல ரிஜிஸ்தர். யாரு கேக்கப் போறா?" என்றார். இரவுச் சாப்பாட்டில் அத்தனை பேர் முன்னால் இவரிடமே கேட்டுவிட்டார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அது பொய்தானே மாமா. நான் மாறேல்லையே" என்றார். மாமா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை வரை பேசவில்லை. இந்த யோசனை உங்களுக்கும் வரும், உங்கள்மேல் உண்மையான அன்புள்ளவர்களிடமிருந்தே வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்பாத ஒன்றை நம்புவதாகக் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு விசாவுக்கோ, இவருக்கு ஓ.சி.ஐ. அட்டைக்கோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் விசா இல்லாமல் இந்தியா வந்து தங்க உதவும் அட்டை) போகும்போது முன்னால் வைக்க வேண்டிய காகிதமும் அந்தத் திருமணச் சான்றுதான். இந்தியக் குடியுரிமை உள்ளவரின் வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ ஓ.சி.ஐ. கேட்க, பதிவான திருமணம் இரண்டு வருடமாவது நிலைத்திருக்க வேண்டும்.

பிரிட்டனிலேயே பதிந்துவிட்டு ஊரில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அங்கேயும் நோட்டீஸ் உண்டு: ஏழு நாள் குடியிருப்பு, 28 நாள் காத்திருப்பு, குடியேற்ற நிலையைப் பொறுத்து அது 70 நாள் வரை போகலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் தோது. அந்த 28 நாளைக் கேட்டபோது நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஊரில் 30 நாள் என்றதும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. திரும்பி வரும் விமானத்தில் இதை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே போட்டது. பாஸ் இலவசம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் வைத்துப் பதியலாம். அரசுப் பேருந்துக்கும் டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிக்கும் பாஸ் தேவையில்லை. அதனால் விருந்தாளிகளை மேட்டுப்பாளையத்தில் இறக்கி, அங்கிருந்து உள்ளூர் வண்டியில் ஏற்றுவதாகப் பேசியிருக்கிறோம்.

மழையில் மலைக்கு இரண்டு முகம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை அடிக்கும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பர் மண்சரிவை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. தை, மாசி காய்ந்திருக்கும். இரவில் குளிர் கடுமை, வயதானவர்களைக் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு உட்கார வைக்காதீர்கள். அந்த மாதங்களில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும், பூவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சமையலுக்கு மலை ஆளையே பிடியுங்கள். ஆறாயிரம் அடியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். என் அக்கா கல்யாணத்தில் கீழிருந்து வந்த மாஸ்டர் வழக்கமான நேரத்தில் வடித்துவிட்டார். முதல் பந்தியில் சோறு நறுக் நறுக்கென்றது. அப்பா ஒவ்வொரு இலையாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். நான் அதைப் பார்த்தது பர்மிங்காமில், போனில்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் பையும் மலையில் தடை. சோதனைச் சாவடியில் எடுத்து வைத்துவிடுவார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர், தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. எச்சில் இலையை இரவில் வெளியே குவித்து வைக்காதீர்கள், வாசனைக்குக் கரடி வரும். காட்டெருமையும் தேயிலைக்குள் படுத்திருக்கும், இருட்டியபின் விருந்தாளிகளை டார்ச் இல்லாமல் நடக்க விடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, சட்டம் என்ன சொல்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். முப்பது நாள் இங்கேயே இருக்க வேண்டும், அதற்கப்புறம் இன்னொரு முப்பது நாள் என்றேன். அதுவரை வாடிப்போய் இருந்தவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "கார்த்திகை கடைசி, மார்கழி, தை… அப்போ பொங்கலுக்கு இருப்பே?" என்றாள். பதிமூன்று வருடத்தில் நான் ஒரு பொங்கலுக்கும் வீட்டில் இருந்ததில்லை. பர்மிங்காமில் பதிந்துகொள்ளப் போகிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. இவர் என்னைப் பார்த்தார், அவரும் சொல்லவில்லை.

சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வார்டு மேனேஜர் ஒத்துக்கொண்டார். டிசம்பர் முதல் வாரம் நான் மட்டும் போகிறேன். நோட்டீஸில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் ஜனவரியில் இவர் ஒரு வாரம் வந்து போவார். மாசியில் குடும்பத்தோடு திரும்ப வருவார். மூன்று சாட்சிகளில் ஒருவராக மாமா வருகிறேன் என்றிருக்கிறார். பின்கட்டு அறையில் இருந்த விறகையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் அம்மா இப்போதே எடுத்துவிட்டாளாம். கட்டிலுக்கு இரண்டு கம்பளி போதுமா, மூன்று வேண்டுமா என்று நேற்று போனில் கேட்டாள்.