பிரித்துப் பழகுதல்: புத்தகக் கட்டும் அச்சுக் கோர்ப்பும் பழக விரும்புவோருக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலோ புத்தகத் தொழில் பழக விரும்பும் ஒருவர், ஈய எழுத்துக் கோர்த்த பழைய அச்சுக்கூடத்தைத் தேடிப் புறப்படுவதற்கு முன்னர், புத்தகம் கட்டும் ஒருவரிடம் போய்ச் சேர்வதே நல்லது. கணினியும் ஓஃப்செட் அச்சும் வந்த பிறகு கையால் எழுத்துக் கோர்க்கும் வேலை அருகிவிட்டது. கட்டு வேலை நிற்கவில்லை. கோயில் கணக்குப் புத்தகம், பாடசாலை இடாப்பு, தாள் கழன்ற நூலக நூல், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டில் தலைமுறையாக இருந்துவரும் கூத்துக்கொப்பி ஆகியவற்றையெல்லாம் யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும். வேலை ஓடும் இடத்தில்தான் கை பழகும்.

பழக்குபவரைத் தெரிந்தெடுக்கும்போது அவருடைய கடையின் அளவைப் பார்க்க வேண்டாம். அவர் கட்டி முடித்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி நடுவில் விரித்துப் பாருங்கள். தானாக விரிந்து கிடந்தால், முதுகில் பசை திரளாமலும் தாள் இழுபடாமலும் இருந்தால், அவரிடம் கேளுங்கள். எத்தனை மாதம், எந்த நேரம், பயணச் செலவுக்கு என்ன கிடைக்கும் என்பவற்றை முதல் நாளே பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் மரியாதை. சான்றிதழ் வேண்டுவோர், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் தமக்குப் பொருந்தும் பயிற்சி உண்டா என்று விசாரிக்கலாம்.

முதல் வாரங்களில் புதிதாக எதையும் கட்ட முனையாதீர்கள்; பழைய புத்தகங்களைப் பிரியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மட்டையைக் கழற்றி, முதுகுப் பசையை ஈரத் துணியால் ஊறவைத்துச் சுரண்டி, நூலை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்கும்போதுதான், முன்பு கட்டியவர் எங்கே துளையிட்டார், எங்கே முடிச்சிட்டார், ஏன் அந்த இடத்தில் மட்டும் தாள் கிழிந்தது என்பவை கண்ணுக்குத் தெரிகின்றன. பிரிக்கும்போது பக்க வரிசையைக் குறித்து வைக்க மறக்காதீர்கள்.

அடுத்தது மடிப்பு. ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். அதுவே ஒரு பாரம். தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் இலகுவாக வளையும், மறுதிசையில் எதிர்க்கும். இலகுவாக வளையும் மடிப்பு புத்தகத்தின் முதுகோடு ஒத்துப் போக வேண்டும். ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்காகவே அதிகம் விரியும் என்பதால், வாவிக் காற்றும் மாரி மழையும் உள்ள நமது பகுதியில் இந்த ஒன்றைத் தவறவிட்டால் மட்டை வளைந்து, உள்தாள் அலை அலையாகிவிடும்.

தைக்கும்போது நூலுக்கு மெழுகு பூசுங்கள். ஒரு பாரத்தை முடித்து அடுத்ததற்குப் போகும்போது, ஓரத்தில் கீழ்ப் பாரத்தின் நூலுக்கு அடியால் ஊசியை விட்டு முடிச்சிட வேண்டும். நூலை முதுகின் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும்; உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழியும். நூறு தடவை சொன்னாலும் இது மண்டையில் ஏறாது. பத்துத் தாள் கிழிந்த பிறகு விரல் தானே கற்றுக்கொள்ளும். அதற்காகவே பழகுபவருக்குக் கழிவுத் தாள் கொடுக்கிறார்கள்.

பசைக்கு ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு நீர் போதும். கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் மினுங்கும். பூச்சிக்காக மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) கலப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, அத்துடன் செம்பு நாளடைவில் தாளை அரிக்கும். எனவே பேணி வைக்க வேண்டிய பழைய கொப்பிகளுக்கு அதைச் சேர்க்காமல், அன்றன்று வேண்டியளவு புதுப்பசை காய்ச்சுவதையே நான் விரும்புகிறேன். ஒட்டிய புத்தகத்தைக் கனமான எடையின் கீழ் ஓரிரவு வையுங்கள். மாரியில் இரண்டு இரவு.

கை இந்த அளவுக்கு வந்த பிறகு, ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் எழுத்துப் பெட்டி மிஞ்சியிருக்கும் அச்சகம் எங்கேனும் கிடைத்தால், அங்கும் பிரிப்பதிலிருந்தே தொடங்குங்கள். அச்சிட்டு முடிந்த எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவி, உரிய அறைகளில் திரும்பப் போடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். 'கொ' என்பது அங்கே மூன்று துண்டு. 'கு' ஒரே துண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய முறையில் வார்த்த பெட்டியாக இருந்தால், 'றா', 'னை', 'லை' போன்றவையும் தனித்தனி ஒற்றை எழுத்தாகவே இருக்கும். எந்த அறையில் எது என்பது இப்படிப் போட்டுப் போட்டுத்தான் மனத்தில் பதியும்; அதன் பின்னர் தலைகீழாக, இடமிருந்து வலமாக வரியைக் கோர்ப்பது அவ்வளவு கடினமாகத் தோன்றாது. அந்த எழுத்துகள் ஈயமும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை என்பதால், சோற்றில் கை வைக்கும் முன் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுங்கள். எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைக்காதீர்கள்.