பிடித்த கையே கொல்லும்: சூப்பர் ஹீரோ கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ் நாயகர்களின் சக்திக்கு இயற்பியல் கணக்குப் போட உட்காரும் புதியவர்கள் ஏறக்குறைய ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் விழுந்து எழுந்த குழிகள் அவை. மைலைக் கிலோமீட்டராக மாற்ற மறப்பது, நிறையையும் எடையையும் குழப்புவது எல்லாம் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுவோம்.

சக்தியையே கேள்வி கேட்பது

மின்னல் வேகத்தில் ஓடும் காமிக்ஸ் நாயகன் ஃபிளாஷால் அவ்வளவு வேகமாக ஓட முடியுமா என்று தொடங்கினால், முடியாது என்ற ஒரு சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும். வேகத்தை அவனுக்கு வரமாகக் கொடுத்துவிடுங்கள். வரம் ஒன்றே ஒன்றுதான். மற்ற எந்த விதியிலும் சலுகை கிடையாது. சுவாரசியம் அதன்பிறகுதான் வருகிறது. நொடிக்கு 7.9 கிலோமீட்டரைத் தாண்டினால், அவன் கீழே விழுவதைவிட வேகமாகப் பூமியின் வளைவு அவனைவிட்டு இறங்கிப்போகும். கால் தரையில் படாது; உராய்வு இல்லாமல் உதைத்து ஓடவும் முடியாது. ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு கொடுத்தால், 70 கிலோ உடலின் இயக்க ஆற்றல் சுமார் 315 லட்சம் கோடி ஜூல், அதாவது 75 கிலோடன் (75,000 டன்) டிஎன்டி வெடிமருந்து. ஹிரோஷிமா குண்டைப்போல் ஐந்து மடங்கு. அவன் நிற்கும்போது அத்தனையும் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

பிடித்துவிட்டால் பிழைத்துவிட்டாள் என்று எழுதுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப வருவதால் எரிச்சலூட்டும் தவறும் இதுதான். மாடியிலிருந்து விழுகிறவளைச் சூப்பர்மேன் இரண்டு கைகளையும் நீட்டி ஏந்திக்கொள்கிறான். உடனே எல்லோரும் அவன் கையின் வலுவைக் கணக்கிடப் போய்விடுகிறார்கள். வலுவைத்தான் வரமாகக் கொடுத்தாயிற்றே! கணக்குப் போட வேண்டியது அவள் முதுகெலும்புக்கு.

தரை கொல்வது அது கடினமாக இருப்பதால் மட்டுமல்ல, மிகக் குறைந்த தூரத்தில் நிறுத்திவிடுவதால். அசையாத எஃகுக் கையும் அதையேதான் செய்யும். இதற்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். விழுந்த தூரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அவள் உடல் சராசரியாக எத்தனை ஜி, அதாவது தன் எடையைப்போல் எத்தனை மடங்கு விசை, தாங்குகிறது என்பது கிடைத்துவிடும். கூட்டுகிற அந்த ஒன்று அவளுடைய சொந்த எடை. 90 மீட்டர் விழுந்தவளின் வேகம் நொடிக்கு 42 மீட்டர், மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர். ஏந்திய கைகள் அரை மீட்டர் தாழ்ந்து கொடுத்தால் 180, கூட ஒன்று, ஆக 181 ஜி. கையில் விழுந்தாலும் தரையில் விழுந்தாலும் பிழைக்க வழியில்லை.

காற்றின் தடையைச் சேர்த்தால் வேகம் நொடிக்கு 37 மீட்டர் அளவுக்குக் குறையும். முடிவு மாறாது.

காமிக்ஸ் உலகமே இதை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. 1973இல் வந்த ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில், பாலத்தின் உச்சியிலிருந்து வில்லன் கிரீன் காப்ளின் தள்ளிவிட்ட காதலி க்வென் ஸ்டேசியின் காலில் ஸ்பைடர்மேன் வீசிய வலை போய் ஒட்டுகிறது. அந்தக் கட்டத்தை நிறுத்திப் பாருங்கள். கால் நின்றுவிட்டது, தலை இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது, கழுத்தருகே பொடி எழுத்தில் ‘ஸ்னாப்’ என்று முறியும் ஓசை. மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே தரையைத் தொடும் முன் யாரும் செத்துவிடுவார்கள் என்கிறான் கிரீன் காப்ளின். அது தவறு, வானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் வீரர்கள் அதைவிட வேகமாக விழுந்தும் உயிரோடு இறங்குகிறார்கள். வலை சட்டென்று நிறுத்தியதால் கழுத்துக்கு வந்த உலுக்கல்தான் காரணம் என்று பிறகு 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே ஒப்புக்கொண்டது.

இங்கே வலை நீளமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். சிலந்தி இழை அறுபடும் முன் ஏறக்குறைய 30 சதவீதம் நீளும். 30 மீட்டர் வலை 9 மீட்டர் நீண்டால் 90ஐ 9ஆல் வகுத்து 10, கூட ஒன்று, சராசரி 11 ஜி. ஆனால் சுருள்வில்போல நீளும் இழையில் உச்ச விசை சராசரியின் இரு மடங்கு: 22 ஜி. 50 கிலோ உடலுக்கு அது சுமார் 10,800 நியூட்டன். மலையேறும் கயிறுகளுக்கான தரச் சோதனையில் 80 கிலோ எடையின் முதல் விழுதலுக்கு அனுமதிக்கும் உச்சம் 12,000 நியூட்டன். ஆக அதன் விளிம்பில்தான் நிற்கிறோம். அதுவும் மலையேறுகிறவர் இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டியிருக்கிறார். ஒற்றைக் காலில் தொங்கவில்லை.

இழையின் தடிமனைக் கூட்டினால் பத்திரம் என்பது அதைவிட மோசம். தடித்த இழை குறைவாக நீளும், நிற்கும் தூரம் சுருங்கும், விசை ஏறும். கூட்ட வேண்டியது நீளத்தை.

சராசரியையும் உச்சத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நிஜ மனிதர் ஒருவரே சாட்சி. 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் சறுக்கு வண்டியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போய் 1.4 நொடியில் நின்றார். வகுத்துப் பார்த்தால் சராசரி 21 ஜிகூட வராது. பதிவான உச்சமோ 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் பிழைத்தார். உடல் முழுக்கப் பட்டைகளால் இருக்கையோடு இறுக்கியிருந்தார்கள்.

சரியாகக் காப்பாற்றும் முறை இது. பறக்கத் தெரிந்த நாயகன் கீழே காத்திருக்காமல் அவளோடு சேர்ந்து விழ வேண்டும். அவள் வேகத்துக்கு வந்தபின் தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்து, பிறகு மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். 60 மீட்டர் விழுந்தபோது பிடித்து, மிச்சமுள்ள 30 மீட்டரில் ஒரே சீராக நிறுத்தினால் 3 ஜி. தலை கொஞ்சம் சுற்றும், அவ்வளவுதான்.

முடிவில்லாமல் வேகம் கூட்டுவது

காற்றில் விழும் மனித உடல் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நிலைத்துவிடும். ஆயிரம் மீட்டர் விழுதலுக்கு 504 என்று எழுதாதீர்கள்.

உருவத்தை மாற்றி, எடையை மறப்பது

பத்து மடங்கு உயர்ந்தவனின் எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு சுமக்கிறது. கலிலியோ 1638லேயே எழுதிவைத்த விஷயம் இது. சுருங்கும் ஆன்ட்-மேனுக்கு எடை மாறாது என்றால், நூறில் ஒரு பங்கு உயரத்தில் 80 கிலோவும் நான்கு சதுர மில்லிமீட்டர் பாதத்தில் இறங்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் தரை நொறுங்கும். எடையும் குறையும் என்றால் அவன் குத்தில் வலு இருக்காது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எறும்பின் முதுகில் சவாரி செய்யும் கட்டத்துக்கு ஒன்று, வில்லனை வீழ்த்தும் கட்டத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளாதீர்கள்.

மாயாவியின் கண்

மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய, மற்ற உடல் மறைந்துவிடும் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் உடலை ஒளி ஊடுருவிப் போகிறது என்றால், விழித்திரையையும் ஊடுருவித்தான் போகும். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விழித்திரை மட்டும் ஒளியை உறிஞ்சட்டும் என்று வரத்தைத் திருத்தினால், காற்றில் அந்தக் கையோடு சேர்த்து இரண்டு கருவட்டங்களையும் வரைய வேண்டும்.