சூரை மீனை வீட்டிலேயே பதமாக வாட்டியெடுப்பது எப்படி?

வாட்டிய சூரைக்கு அழகே, மேற்புறம் நன்கு சிவந்து முறுகியிருக்க, உள்ளே ஏறத்தாழப் பச்சையாகவே இருப்பதுதான். கொழுப்புக் குறைந்த இந்த மீன் முழுதும் வெந்துவிட்டால் சக்கையாகித் தொண்டையில் அடைக்கும். உள்பகுதி வேகப்போவதில்லை என்பதால், மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

பச்சையாக உண்ணத் தகுந்தது என்று விற்பவர் உறுதியளிக்கும் மீனில், 3 சென்டிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள துண்டை வாங்குங்கள். மெல்லிய துண்டு, மேற்புறம் சிவப்பதற்குள் நடுவரை வெந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏற்றிய மீன் பழையதானாலும் செக்கச்செவேலென்றே இருக்கும். குளிர் விட்டுப்போன சூரையில், ஒவ்வாமை போன்ற உபாதையைத் தரும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் உருவாகிறது, அது எவ்வளவு சமைத்தாலும் அழியாது என்பதால், அடுப்பருகே கொண்டுவரும் வரை மீனை 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்திருப்பது கட்டாயம். காற்று நீக்கிய உறையில் உறைந்து வந்த மீனானால், உறையைப் பிரித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே உருக விடுங்கள்.

அடுத்தது ஈரம். மேற்புறத்தில் நீர் இருந்தால் சட்டியின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகி, மீன் சிவக்காமல் வெளிறி வேகும். ஆகவே காகிதத் துண்டால் எல்லாப் பக்கங்களையும் ஒற்றியெடுத்து, சட்டியில் இடுவதற்குச் சற்று முன்பு உப்பும் மிளகுத்தூளும் தூவி, மீனின் மேலேயே மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ அதிகச் சூட்டைத் தாங்கும்.

கனமான இரும்புச் சட்டியைச் சில நிமிடங்கள் நன்றாகக் காயவிட்டு மீனை வையுங்கள். வைத்ததும் சுரீரென்ற ஓசை எழாவிட்டால் சூடு போதவில்லை. ஒட்டாப் பூச்சுள்ள சட்டி இந்தச் சூட்டுக்கு ஏற்றதன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை, அசைக்காமல் விடுங்கள். கடிகாரத்தைவிடத் துண்டின் பக்கவாட்டைப் பார்ப்பதே மேல்: சிவப்பான பச்சைச் சதையின் அடியில் ஒரு வெளிர் விளிம்பு தோன்றி மெல்ல மேலேறும், அது அரைச் சென்டிமீட்டரை எட்டியதும் திருப்பிவிடலாம்.

இறக்கியவுடன் சட்டியிலிருந்து பலகைக்கு மாற்றி, கூரிய கத்தியால் சதையின் இழைகளுக்குக் குறுக்கே சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அரியுங்கள். எலுமிச்சைச் சாறும் சிறிது சோயா சாஸும் இதற்குப் போதும். கனமான மசாலா எதுவும் மீனின் சுவையை மறைத்துவிடும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பரிமாறுவதானால், அவர்களுக்குரிய துண்டை மட்டும் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டும் வரை தனியே வேகவையுங்கள்.