செலியாக் இருக்கிறதா? சப்பாத்தியை விட்டால் மட்டும் போதாது

கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும் நோய்தான் செலியாக். அப்படி ரிப்போர்ட் வந்த வீட்டில் முதலில் கேட்கிற பேச்சு இதுதான்: “நாமதான் மூணு வேளையும் அரிசி சாப்பிடுறவங்களாச்சே, சப்பாத்தியை நிறுத்திட்டா போச்சு.” பாதிதான் சரி. சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோதுமை. அதை நிறுத்துவது கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அதில் குழப்பம் எதுவும் இல்லை. நம்ம ஊர் ஆட்களுக்கு மாதக்கணக்கில் வயிறு சரியாகாமல் இழுத்தடிப்பது பெருங்காயத்திலும் மாவு மில்லிலும் தோசைக்கல்லிலும் எண்ணெய்ச் சட்டியிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கோதுமை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் தயவுசெய்து கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் செலியாக்குக்கான எதிர்ப்பொருளைத் தேடும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற டெஸ்ட் பார்ப்பார்கள், கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சிலருக்கு உடம்பில் ஐ.ஜி.ஏ.வே குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் டெஸ்ட் நார்மல் என்று தவறாக வந்துவிடும். அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சின்னச் சின்னதாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், டெஸ்டில் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டெஸ்டுக்காகச் சில வாரம் மறுபடி சாப்பிடச் சொல்லலாம். கோதுமை அலர்ஜி என்பது வேறு, அதற்கான டெஸ்டும் வேறு. செலியாக்கும் இல்லை, அலர்ஜியும் இல்லை, ஆனால் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புசம், களைப்பு என்று வருபவர்களைத்தான் குளூட்டன் சென்சிட்டிவிட்டி என்கிறார்கள். அதற்கென்று தனி டெஸ்ட் கிடையாது, மற்ற இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வர முடியும்.

“இதெல்லாம் வடநாட்டு வியாதி” என்று சொல்பவர்கள் உண்டு. நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், செலியாக்குக்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையோ அங்கே சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம். மரபணு நம்மிடமும் இருக்கிறது, கோதுமைதான் குறைவாகச் சாப்பிட்டு வந்தோம். இப்போது சுகருக்கும் எடை குறைக்கவும் ராத்திரி சப்பாத்தி என்பது பாதி வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதனால் இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, வளராத குழந்தை, நிற்காத வயிற்றுப்போக்கு என்று இருந்தால், “செலியாக் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். நம்ம பக்கம் அபூர்வம் என்பதால் அது யாருக்கும் சட்டென்று தோன்றாமல் போகலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை தாங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியென்றால் வெறும் 100 மில்லிகிராம் மாவு, அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவு, அந்த நாளின் கணக்கை முடித்துவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் புளிக்க வைத்தாலும் குளூட்டன் போகாது.

இப்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்: கொஞ்சம் பெருங்காயம், கொஞ்சம் பிசின், மீதி மாவு. அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியாக வாங்கினால் சுத்தமானது என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் இதே கலவை உண்டு. ஒரு குழம்பில் போடுவது சிட்டிகைதான், அதையும் நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுகிறோம், உண்மை. ஆனால் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், இட்லிப் பொடி, அப்பளம், முறுக்கு என்று நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகிறதே. அரிசி மாவு கலந்தது, குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது இப்போது கிடைக்கிறது. அதற்கு மாறுங்கள், கிடைக்காத ஊரில் பெருங்காயமே போடாமல் பூண்டு, சீரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரசம் நன்றாகவே இருக்கும்.

அடுத்தது மாவு மில். இடியாப்பத்துக்கு அரிசி, கூழுக்குக் கேழ்வரகு, முறுக்குக்கு உளுந்து என்று நாம் கொண்டுபோய்க் கொடுக்கிற அதே மிஷினில் நமக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்திருப்பார். மிஷினுக்குள் தங்கியது அப்படியே நம் மாவில் கலந்து வரும். மில்காரரிடம் சொல்லி அரிசிக்குப் பிறகு அரைத்து வாங்குவது ஒன்றும் செய்யாமலிருப்பதற்குப் பரவாயில்லை, முழுப் பாதுகாப்பு அல்ல. நான் சொல்வது, வீட்டிலேயே அரைத்துவிடுங்கள். ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்தால் ஒரு வாரத்துக்கான மாவு தாராளமாக வரும். சிறுதானியங்களும் முழுசாக வாங்கி, புடைத்து, பொறுக்கி, கழுவி, காயவைத்து அரைப்பதுதான் நல்லது. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது, ஆனால் மூட்டையிலும் பேக்கிங்கிலும் கோதுமை கலந்துவிட வாய்ப்பு உண்டு. ஓட்ஸும் அப்படித்தான், குளூட்டன் இல்லை என்று லேபிளில் இல்லாத ஓட்ஸை வாங்கவே வேண்டாம்.

பாத்திரங்களில் எவர்சில்வரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தோசைக்கல், மாவுச் சல்லடை, சப்பாத்திக் கட்டை, இடியாப்ப அச்சு, இவற்றில் ஒட்டியிருப்பதை முழுக்க எடுக்க முடியாது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஒருவருக்குத் தனிச் சமையல் என்று வைப்பதைவிட வீடு முழுக்கக் கோதுமையை விடுவதே சுலபம். பஞ்சாபில் ஒரு குடும்பத்துக்கு அது வாழ்க்கையையே புரட்டிப்போடுகிற விஷயம். நமக்கு இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, அடை, கொழுக்கட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இலங்கைத் தமிழர் வீடுகளில் மட்டும் இன்னொரு கவனம் வேண்டும், அங்கே புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அவித்த கோதுமை மா சேர்ப்பது சகஜம், சாப்பிடுமுன் கேட்டுவிடுங்கள்.

ரவை கோதுமைதான், சேமியா கோதுமைதான். சம்பா கோதுமை நாட்டு ரகம், உடம்புக்கு நல்லது என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுவும் கோதுமைதான். கால் வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் வீட்டில் வைத்துக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. பாலில் கலக்கும் ஹெல்த் டிரிங்க் பொடிகளில் வரும் மால்ட் பெரும்பாலும் பார்லி அல்லது கோதுமையில் செய்தது, சோயா சாஸிலும் கோதுமை உண்டு. விரத நாள் ராத்திரிப் பலகாரம் என்றால் கை தானாக ரவை டப்பாவுக்குப் போகும். அந்த இடத்தில் அரிசி உப்புமா, அவல், ஜவ்வரிசி, சாமை என்று வீட்டு வழக்கத்துக்கு ஏற்ப ஒன்றை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சுகரும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அரிசியை அளவாக, பருப்பும் காயும் அதிகமாக என்பதுதான் வழி, சப்பாத்தி மருந்தல்ல.

பாக்கெட் உணவுகளில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குளூட்டன் இல்லாதது என்று போட மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதிக்கிறது. 20 முதல் 100 வரை இருப்பது ‘குறைந்த குளூட்டன்’, அது நமக்கானதல்ல. கோதுமை, பார்லி சேர்ந்திருந்தால் அலர்ஜி எச்சரிக்கை வரியில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் விதி. ஆகவே முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஹோட்டலில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு நிம்மதி. சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். தோசை விஷயம் கல்லைப் பொறுத்தது, ரவா தோசையும் சப்பாத்தியும் போடுகிற அதே கல்லில் உங்கள் தோசையும் வெந்தால் அது உங்களுக்கான தோசை இல்லை. சில இடங்களில் முறுகலுக்காகத் தோசை மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பதும் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். பரோட்டா கடையில் ஆம்லெட்கூட வேண்டாம், மைதா தூவிய கல்லில்தான் அதையும் ஊற்றுவார்கள். மெதுவடைக்கும் அதே ஆபத்து, பூரி போட்ட எண்ணெயாக இருக்கலாம். சிக்கன் 65, சில்லி சிக்கன், மீன் வறுவல் இவற்றில் மைதா உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இனிப்பில் பாதுஷா, குலோப்ஜாமூன், கேசரி, திருநெல்வேலி அல்வா நான்கும் கோதுமை. அதிரசம், கடலை மிட்டாய், உளுந்தில் செய்த ஜாங்கிரி, கடலை மாவில் செய்த மைசூர்பாகு இவற்றில் சேர்மானப்படி கோதுமை இல்லை, ஆனால் கடையில் என்ன கலந்தார்கள், எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

கல்யாண வீட்டில் “கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று அன்பாக இலையில் வைப்பார்கள். நோயை முழுக்க விளக்கப் போகாதீர்கள். “கோதுமை பட்டா குடல் புண்ணாகும் அத்தை, டாக்டர் ஆயுசுக்கும் கூடாதுன்னுட்டார்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, சாதம், தயிர், பழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலில் கேசரி பிரசாதம் தந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை அப்பமே கோதுமை. குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017இல் மறுபடி உறுதி செய்தது. அதுவும் ஒத்துவராதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குழந்தைக்கு செலியாக் என்றால் பள்ளியில் ஆசிரியரிடமும் சமைப்பவரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அங்கன்வாடி சத்துமாவில் வறுத்த கோதுமை மாவு இருக்கிறது. அரசுப் பள்ளிக் காலை உணவில் ரவை, சேமியா, கோதுமை ரவை அடிக்கடி வரும், அந்த நாட்களில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள். பிறந்தநாள் கேக்கும் சாக்லேட்டும் வருகிற நாளுக்கென்று கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ ஆசிரியர் மேஜையில் ஒரு டப்பாவில் இருந்தால் பிள்ளை ஏங்கி நிற்காது. அந்த டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

உணவை மாற்றிய சில வாரங்களிலேயே பலருக்குத் தெம்பு வரும். உடனே நன்றாகிவிட்டது என்று பழைய பரோட்டாவுக்குப் போய்விடக் கூடாது, பெரியவர்களுக்குக் குடல் முழுக்க ஆற 2 வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு, குடல் ஆற ஆற அது பெரும்பாலும் சரியாகும். ஆறாவது மாதமும் ஒரு வருடத்திலும் டி.டி.ஜி. அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் முதலில் பெருங்காய டப்பாவையும் மில் மாவையும் சந்தேகப்படுங்கள். இரும்பு, பி12, வைட்டமின் டி, எலும்பின் அடர்த்தி இவற்றையும் டாக்டரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை ரத்த டெஸ்ட் எடுக்க வேண்டும், அதையும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால்.