சென்னை வீட்டில் ஒரு பார் பில்லியர்ட்ஸ் மேஜை: அளப்பதில் தொடங்கி ஆடுவதுவரை

வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே பூல் மேஜை போடலாம் என்று ஆசை வந்துவிட்டதா? கடைக்குக் கிளம்பும் முன் ஒட்டடைக் குச்சியை எடுங்கள். அதில் 58 அங்குலத்தில் ஒரு கோடு போடுங்கள். பந்தை அடிக்கும் கோல், அதாவது கியூ, பெரியவர்களுக்கு ஏறத்தாழ அவ்வளவு நீளம்தான். தரையில் சாக்பீஸால் மேஜையை வரைந்து, நான்கு பக்கமும் நின்று குச்சியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான சென்னை வீடுகளில் இரண்டாவது இழுப்பிலேயே பீரோவில் இடிக்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எட்டடி பூல் மேஜையில் ஆடும் பரப்பு 88க்கு 44 அங்குலம். சுற்றிலும் ஒரு கியூ நீளம் விட்டால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குல அறை வேண்டும். ஏழடி மேஜைக்கும் 16க்கு 13 வந்துவிடுகிறது. ஸ்னூக்கர் மேஜை 12 அடிக்கு 6 அடி. அதை வாங்குபவர் முதலில் பங்களா வாங்க வேண்டும். 48 அங்குலக் குட்டைக் கியூ வைத்துச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். சமாளிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறை சுவரோரம் பந்து நிற்கும்போதும் எரிச்சல் வரும்.

எங்கள் மடிப்பாக்கம் வீட்டு மாடி அறை 10 அடிக்கு 12½ அடி. அதில் நான் போட்டது பார் பில்லியர்ட்ஸ் மேஜை. இங்கிலாந்தில் வேலை பார்த்த இரண்டு வருடம், பிரைட்டன் பக்கத்து பப்களில் ஆடிப் பழகிய ஆட்டம். இதை ஒரே முனையில் நின்றுதான் ஆட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் கியூவுக்கு இடம் தேவையில்லை. மேஜை ஏறத்தாழ ஆறடி நீளம், மூன்றடி அகலம். பின்னால் நிற்க ஐந்தரை அடி, முடிந்தது கதை.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த ஆட்டம். ஓரத்தில் பாக்கெட் கிடையாது. மேஜைப் பரப்பிலேயே ஒன்பது குழிகள், 10 முதல் 200 வரை மதிப்பெண். ஏழு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்பு. கேரமில் சிவப்புக் காய்க்குத் தனி மரியாதை உண்டல்லவா, இங்கேயும் சிவப்புப் பந்து விழுந்தால் இரட்டை மதிப்பு. ஆனால் பெரிய குழிகளுக்குக் காவலாகக் குட்டிக் காளான் மாதிரி மரக்குச்சிகள் நிற்கும். வெள்ளைக் குச்சியைத் தட்டிவிட்டால் அந்த முறை எடுத்தது போச்சு. 200க்கு முன்னால் நிற்கும் கறுப்பைத் தட்டினால் அதுவரை சேர்த்த மொத்தமும் போச்சு. என் மச்சான் 3,000 தாண்டிய பிறகு கறுப்பைத் தட்டிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

பெல்ஜியத்தில் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு டேவிட் கில் என்பவர் 1930களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது இது. பப் மேஜைகளில் காசு போட்டால் ஒரு கடிகாரம் ஓடும். நேரம் முடிந்ததும் உள்ளே ஒரு கம்பி விழுந்து, குழியில் விழும் பந்துகள் திரும்பி வராமல் அடைத்துவிடும். மீதிப் பந்துகளோடு ஆட்டம் தீரும். வீட்டுக்கு அந்த இயந்திரம் வேண்டாம். சமையலறை டைமரில் 20 நிமிடம் வையுங்கள், அது அடித்த பிறகு விழுந்த பந்தை எடுக்கக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். போதும்.

எங்கே வாங்குவது?

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரித்தேன். பூல் உண்டு, ஸ்னூக்கர் உண்டு. பார் பில்லியர்ட்ஸ் என்றதும், “பாருக்கு வைக்கிற மேஜையா சார், எந்த பார்?” என்றார் ஒருவர். இத்தனைக்கும் ஸ்னூக்கர் விதிகளை 1882இல் எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பில்தான்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, இங்கிலாந்திலிருந்து பழைய மேஜையைக் கப்பலில் வரவழைப்பது. அங்கிருந்து வீட்டுச் சாமான் எப்படியும் வருகிறது என்றால் மட்டும் இதை யோசியுங்கள். மேஜையின் மேற்பரப்பாக இருக்கும் கல்லைத் தனியாகக் கழற்றி, நெட்டுக்குத்தாக நிறுத்திப் பேக் செய்யச் சொல்ல வேண்டும். படுக்க வைத்தால் வழியில் விரிசல் விடும். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்க வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்தில் சிக்கல். பணம் அனுப்புவதற்கு முன்பே கிளியரிங் ஏஜென்டிடம் சுங்கவரி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது வழி, இங்கேயே செய்வது. நான் செய்தது அதுதான்.

கல்தான் மேஜை

மற்றதெல்லாம் அதைத் தாங்கும் கால். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போட்டால் விலை குறையும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது உப்பும், நடுவில் தொய்யும். ஐப்பசி மழை ஒன்று போதும். எங்கள் ஆசாரி, “கடப்பா கல் போட்டுடலாம் தம்பி, சமையலறையில போடலையா?” என்றார். கடப்பாவில் சட்னி அரைத்து வைக்கலாம், பந்து நேராக ஓடாது. கிரானைட்டும் பளபளப்பாக இருக்குமே தவிர, ஆறடி நீளத்துக்கு மட்டமாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. பில்லியர்ட்ஸுக்கென்று மட்டம் பார்த்துச் சீவிய ஸ்லேட் கல்தான் வேண்டும்.

புது ஸ்லேட்டுக்கு அலைவதற்குள் மூடப்போகும் ஸ்னூக்கர் பார்லர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். முழு அளவு ஸ்னூக்கர் மேஜையில் ஐந்து ஸ்லேட் பலகைகள் வரிசையாக இருக்கும். முதலும் கடைசியும் மூலைப் பாக்கெட்டுக்காக வெட்டப்பட்டவை, மூன்றாவது நடுப் பாக்கெட்டுக்காக. இரண்டாவதும் நான்காவதும் மட்டும் பாக்கெட் வெட்டு இல்லாத முழுக் கல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறடிக்கு இரண்டரை அடி. நமக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி! நான் நான்காவது பலகையைக் கேட்டு வாங்கினேன். அந்த மேஜையைப் பூட்டிக் கழற்றும் மெக்கானிக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் துணி, ரப்பர், மட்டம் எல்லாவற்றுக்கும் உதவுவார்.

வாங்குமுன் கல்லை விரலால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள்.

குழி போட யாரிடம் போவது? சமையல் மேடைக் கிரானைட்டில் குழாய்க்கு ஓட்டை போடுகிறாரே, அவர்தான். வைரப் பல் வைத்த கோர் பிட், கூடவே தண்ணீர். ஆனால் அதற்கு முன் பந்துகளை வாங்கிவிடுங்கள். பந்து கையில் இருந்தால்தான் குழி எவ்வளவு அகலம் என்று தெரியும். முதலில் பிளைவுட்டில் ஒன்பது குழியும் போட்டு, பந்து தட்டாமல் விழுகிறதா என்று ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். கல்லில் போட்ட குழியை அடைக்க முடியாது. நான் அவசரப்பட்டிருந்தால் 50 மதிப்பெண் குழி நான்கு விரல்கடை தள்ளிப் போயிருக்கும்.

எடையும் தரையும்

44, 45 மி.மீ. தடிமன் என்றால் அந்த ஒரு பலகையே 170 கிலோவுக்கு மேல். சட்டமும் காலும் சேர்ந்தால் கால் டன். கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய சுமை இல்லை. இந்தியத் தரநிலையில் வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். இருந்தாலும் அறையின் நடுவை விட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் போடுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீட்டு மாடி, அதாவது மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் கல்லை ஏற்றாதீர்கள். தரைத்தளமா? 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

கால் வைக்கும் டைல்ஸைக் காசால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தத்தில் தெரியும், அந்த இடத்தில் டைல்ஸ் உடையும். ஒவ்வொரு காலுக்கும் அரையடிச் சதுர மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) வையுங்கள்.

குட்டியானையில் கல் வந்து இறங்கிய அன்று நான்கு பேரைத்தான் சொல்லியிருந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் நின்று போனார்கள். தெருமுனை டீக்கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து ஏற்றினோம். படியின் அகலத்தையும் திருப்பத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள், ஆறு பேருக்கே பேசுங்கள்.

சட்டம், துணி, விளக்கு

சட்டம் தேக்கு, அல்லது நன்றாகக் காய்ந்த வேறு கடின மரம். கரையான் மருந்து கட்டாயம். கால்களில் ஏற்றி இறக்கும் போல்ட் வேண்டும் என்று ஆசாரியிடம் முதல் நாளே சொல்லுங்கள். பந்து உருண்டு முன்னால் வரும் வாய்க்காலில் பழைய துணி ஒட்டாவிட்டால் கீழ் வீட்டில் இடி இடிக்கும்.

துணியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கம்பளி கலந்த பில்லியர்ட்ஸ் துணி மட்டும், ஒட்டுவது மெக்கானிக்கின் வேலை. விளக்கு மின்விசிறிக்குக் கீழே தொங்க வேண்டும். மேலே இருந்தால் இறக்கையின் நிழல் பந்தின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும், கண் வலிக்கும். தவறாமல் ஒரு பக்கம் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். விழுந்த குச்சியை நிறுத்தக் கை போக வேண்டும் அல்லவா?

எனக்கு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. அதில் நான் எதிர்பார்க்காத செலவு துணியும் தூக்குகூலியும்.

மட்டம்

கொத்தனார் ரசமட்டம் தொடக்கத்துக்குச் சரி. கடைசி மட்டம் பந்துதான். நிற்கப்போகும் வேகத்தில் மெதுவாக உருட்டி, ஓய்கிற நேரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்க விளிம்போரமும் நடுவிலும் உருட்டுங்கள். மறுபடி ஒரு மாதம் கழித்து, அப்புறம் மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில். மரம் ஊறிக் காய்ந்த பிறகு எங்கள் மேஜை ஒரு காலில் நூல் அளவு இறங்கியிருந்தது.

ஈரம் ஏறிய துணியில் பந்து மந்தமாகும். பெரிய போட்டிகளில் ஸ்னூக்கர் மேஜையின் அடியில் சூடேற்றுவதே இதனால்தான். நமக்கு ஆடும் முன் அரை மணி ஏசி போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி நல்லது. பிரஷை ஆடும் முனையிலிருந்து எதிர்முனைக்கு ஒரே திசையில் இழுங்கள்.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், 100 மதிப்பெண் குழிக்குப் பக்கத்தில் பச்சைத்துணி நடுவிலும் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். கறை இன்னும் போகவில்லை. இந்த வருடம் காலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.