கிற்றார் எஃபெக்ட் பெடல்களில் நல்ல தொனி: மட்டக்களப்பு, அம்பாறை மேடைகளில் வாசிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

நம் பகுதியில் மின்கிற்றார் வாசிக்கத் தொடங்கும் இளைஞர்களில் பலர் கொழும்பிலிருந்தோ இணையக் கடைகளிலிருந்தோ ஆசையுடன் ஒரு பெடலை வரவழைத்து, அதன் குமிழ்களையெல்லாம் பாதிக்கு மேல் திருப்பிவைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, இறுவட்டில் கேட்ட ஒலி வரவில்லையே என்று மனம் சோர்ந்துபோகிறார்கள். குறை பெரும்பாலும் பெடலில் இருப்பதில்லை. எந்தப் பெடலையும் தனியாக வைத்து மதிப்பிட முடியாது. அதற்கு முன்னால் இருக்கும் கம்பி, அதற்குக் கிடைக்கும் மின்சாரம், அதற்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கி, வாசிக்கும் இடம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே தொனியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த விளக்கம் கம்பியில் தொடங்கி மேடை வரை அதே வரிசையில் செல்கிறது. தொடக்கத்தில் சுருதி சேர்க்க ஒரு டியூனர், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்க ஓர் ஓவர்டிரைவ், எதிரொலி தர ஒரு டிலே ஆகிய மூன்று பெடல்களே போதும். நான்காவதை வாங்கும் முன் இந்த மூன்றையும் முழுமையாக அறிந்துகொள்வதே நல்லது.

படி 1: பெடல் இல்லாமல் தொடங்குங்கள்

கிற்றாரை அம்பிளிபயரில் நேரடியாக இணைத்து, பேஸ், மிட், ட்ரெபிள் ஆகிய மூன்றையும் நடுவில் வைத்து, கெயினைக் குறைத்து, தெளிவான ஒலியில் சிறிது நேரம் வாசியுங்கள். இந்த ஒலி உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். இது மந்தமாக இருந்தால் பெடல் அந்த மந்தத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் நமக்குக் கம்பி ஒரு தனிப் பிரச்சினை. கல்லடியிலோ கல்முனையிலோ திறந்த யன்னலருகே தொங்கும் கிற்றாரின் கம்பி, உப்புக் காற்றும் விரல் வியர்வையும் பட்டு விரைவில் துருப்பிடித்துவிடும். முதலாம் கம்பியின் அடிப்பக்கத்தில் விரல்நுனியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பிரெட்டின் மேல் படும் இடங்களில் சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்தக் கம்பி தன் பளிச்சென்ற ஒலியை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். பெடலில் ட்ரெபிளை எவ்வளவு கூட்டினாலும் அது திரும்பி வராது, இரைச்சல்தான் கூடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் உட்பட துடைப்பது, பெடலுக்குச் செலவிடும் பணத்தைவிட அதிக பலன் தரும்.

படி 2: மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ற்று நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. அவற்றின் அடப்டர் பிளக்கில் நடுமுனை எதிர்முனையாக இருக்க வேண்டும். அடப்டரின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய படத்தில் நடுப்புள்ளி கழித்தல் குறியுடன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு ரவுட்டருடன் வரும் அடப்டரின் பிளக் பெடலுக்குள் சரியாகப் பொருந்தினாலும், அவற்றில் பெரும்பாலானவை நடுமுனை நேர்முனையாக அமைந்தவை என்பதால், அதைச் சொருகிப் பெடலைக் கருக்கிவிடாதீர்கள். வோல்ற்றளவு பெடலில் குறிப்பிட்டபடியே இருக்க வேண்டும். மில்லி அம்பியர் அளவு மட்டும் தேவைக்கு மேல் இருக்கலாம், ஏனெனில் பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சாதாரண ஓவர்டிரைவ் ஒன்றுக்குச் சில மில்லி அம்பியர் போதும். டிஜிற்றல் டிலே அல்லது (மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கத்தைத் தரும்) ரிவேர்ப் பெடலுக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படும். ஒரே அடப்டரிலிருந்து கிளை வயர் மூலம் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும்போது கீச்சென்ற மெல்லிய ஒலி வந்தால், டிஜிற்றல் பெடலுக்குத் தனி அடப்டர் கொடுத்துப் பாருங்கள்.

ஆலயத் திருவிழா மேடைகளில் கேட்கும் தாழ்ந்த ‘ம்ம்ம்’ என்ற ஒலி வேறு வகையானது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளுமே உங்கள் காதில் விழுகின்றன. பெடலின் அடப்டரையும் அம்பிளிபயரையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகினால் பெரும்பாலும் அது குறையும். சிங்கிள் கொயில் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள்) உள்ள கிற்றாரானால், நின்ற இடத்திலேயே உடலை மெதுவாகத் திருப்பிப் பார்த்து இரைச்சல் குறையும் திசையில் நின்றுகொள்ளலாம். இரைச்சலைப் போக்குவதற்காக பிளக்கின் புவித்தொடுப்பு முனையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். ஜெனரேட்டரில் இயங்கும் மேடையில் கிற்றார் கம்பியைப் பிடித்தபடி ஒலிவாங்கியில் உதடு படும்போது மின்னதிர்ச்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 3: வரிசைப்படுத்துங்கள்

கிற்றாரிலிருந்து முதலில் டியூனர், அடுத்து ஓவர்டிரைவ் அல்லது அதைவிடக் கடுமையாக ஒலியைச் சிதைக்கும் டிஸ்டோர்ஷன், பிறகு ஒரு கிற்றார் பலவாக ஒலிப்பது போலக் காட்டும் கோரஸ் போன்றவை, கடைசியாக டிலேயும் ரிவேர்பும் என்பது வழக்கமான ஒழுங்கு. டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் நீங்கள் புதிதாக மீட்டும் சுரமும் ஒன்றாகக் கலந்து சிதைவதால், சொற்கள் புரியாத கூட்டப் பேச்சைப் போன்ற ஒலி வரும். கேபிள் நீளமாக நீளமாக உயர் அதிர்வெண்கள் மங்கும் என்பதால், கிற்றாரிலிருந்து முதற்பெடல் வரையான கேபிள் 6 மீற்றருக்கு மேற்படாதிருப்பது நல்லது.

படி 4: ஓவர்டிரைவ்

பெடல்களில் அதிகமாகப் பயன்படுவதும் அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

குமிழ்கள் பொதுவாக மூன்று. டிரைவ் சிதைவின் அளவையும், டோன் கூர்மையையும், லெவல் வெளிவரும் ஒலியின் அளவையும் கட்டுப்படுத்துகின்றன. டிரைவைக் கடிகாரத்தின் 9 மணி நிலையிலும் டோனை 12 மணி நிலையிலும் வையுங்கள். பிறகு ஒரே கோர்டை ஒரே பலத்துடன் மீட்டியபடி, பெடலை அணைத்தும் போட்டும் கேட்டு, இரண்டு நிலையிலும் ஒலியளவு சமமாகும் வரை லெவலைத் திருப்புங்கள். இந்தச் சமநிலையைக் கண்டுகொள்ளாமல் மேலே செல்லக் கூடாது. சத்தம் கூடினால் தொனி நன்றாகிவிட்டதாக நம் காது நம்பிவிடும். சமப்படுத்திய பிறகும் பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி.

இப்போது டிரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மெதுவாக மீட்டும்போது தெளிவாகவும், அழுத்தி மீட்டும்போது கரகரப்பாகவும் ஒலிக்கும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் சென்றால் விரலின் மென்மையும் வன்மையும் ஒரே அளவாகிவிடும். முழு மேஜர் கோர்டு ஒன்றை அதிக டிஸ்டோர்ஷனில் மீட்டினால் குழம்புவதற்குக் காரணம், சுரங்கள் சிதையும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகள் பிறப்பதுதான். ஆதார சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் பிடித்தால் அந்தப் புதிய ஒலிகள் பெரும்பாலும் இணக்கமாகவே அமையும். சினிமாப் பாடல்களின் இடையிசையில் நீண்டு வழுக்கிச் செல்லும் ஒற்றைச் சுரங்களுக்குச் சற்று அதிக டிரைவ் பொருந்தும், கோர்டுகளுக்குப் பொருந்தாது. ஆனால் அதற்காக ஒவ்வொரு முறையும் குனிந்து குமிழைத் திருப்ப வேண்டியதில்லை. கிற்றாரின் வோல்யூம் குமிழை 10 இலிருந்து 7 க்குக் குறைத்தாலே அதே பெடல் தெளிவாகிவிடும். தொடக்கநிலையில் கற்றுக்கொள்ள வேண்டிய மிகப் பயனுள்ள பழக்கம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

எந்த வகை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 1970களின் இறுதியில் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமரும் அதன் வழிவந்த எண்ணற்ற பச்சைப் பெடல்களும் பேஸைக் குறைத்து, ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை முன்னே தள்ளுகின்றன. கீபோர்ட்டும் பேஸ் கிற்றாரும் ஒக்டபாட்டும் சேர்ந்து ஒலிக்கும் நம் இசைக்குழுக்களில் கிற்றார் புதைந்துபோகாமல் கேட்பதற்கு இந்த நடுப்பகுதியே உதவும். 1978 இல் வெளிவந்த போஸ் டிஎஸ்-1 என்ற டிஸ்டோர்ஷன் பெடலின் இயல்பு வேறு. அது கூர்மையானது, டோனைக் குறைத்து வைத்தால் மட்டுமே இனிக்கும். டிரைவைக் குறைத்து லெவலை முழுவதும் ஏற்றுங்கள் என்று காணொளிகளில் கூறப்படும் ஆலோசனை, ஏற்கெனவே சிதையும் விளிம்பில் நிற்கும் வால்வு அம்பிளிபயர்களுக்கு உரியது. மேடையின் ஒலிகளையெல்லாம் கலக்கும் மிக்சரில் நேரடியாக வாசிப்பவர் அதைப் பின்பற்றினால் மிக்சரின் உள்ளீடு நிரம்பி வெடிக்கும் ஒலியே மிஞ்சும்.

படி 5: டிலேயைத் தாளத்துடன் பொருத்துங்கள்

60,000 ஐ ஒரு நிமிடத்தில் வரும் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தட்டின் நீளம் மில்லிசெக்கனில் கிடைக்கும். 120 தட்டு வேகத்தில் அது 500. 100 தட்டு வேகத்தில் 600. 120 தட்டு வேகத்தில் நடக்கும் நாலு தட்டுப் பாடல்களில் 500 இன் முக்கால்பங்கான 375 மில்லிசெக்கனை வைத்தால், எதிரொலிகள் தட்டுகளுக்கு இடையில் விழுந்து ஓர் ஓட்டத்தைத் தரும். மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தின் பைலாவைப் போல ஆறெட்டில் நடக்கும் இசைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஒரு தட்டு மூன்றாகப் பிரிவதால், அதே வேகத்தில் 500 இன் மூன்றில் இரண்டு பங்கான 333 மில்லிசெக்கன்தான் தாளத்துக்குள் அமரும். எதிரொலி இரண்டு அல்லது மூன்று முறை கேட்டால் போதும். அதன் அளவு, வாசிப்பை நிறுத்தும்போது மட்டும் தெரியுமளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும்.

படி 6: மிக்சரில் நேரடியாக வாசிப்பதென்றால்

நம் தேவாலயங்களிலும் கோயில் மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் கிற்றாருக்கென்று தனி அம்பிளிபயர் இருப்பது அரிது. பெடலிலிருந்து வரும் வயர் நேராக மிக்சருக்குப் போகிறது. கிற்றார் அம்பிளிபயர்களில் உள்ள 10 அல்லது 12 அங்குல ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் விரைவாக மங்கிவிடும். சிதைவின் கூர்முனைகளை மழுக்குவது அந்த மங்கல்தான். மண்டப ஒலிபெருக்கிகளோ அந்த உயர் ஒலிகளையும் முழுமையாக வெளியிடுவதால், வீட்டில் இனித்த டிஸ்டோர்ஷன் அங்கே காதைக் குத்துகிறது. இதற்குத் தீர்வாகச் பெடல் வரிசையின் கடைசியில், கிற்றார் ஒலிபெருக்கியின் அந்த மங்கலைப் போலச்செய்யும் கபினெட் சிமுலேற்றர் ஒன்றைச் சேர்க்கலாம். மல்ட்டி எஃபெக்ட் கருவிகளில் அது உள்ளேயே இருக்கும். அவற்றை அம்பிளிபயரில் இணைக்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால், உங்கள் சனலில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை வெட்டித் தருமாறு ஒலியமைப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள். மிக்சர் தொலைவில் இருந்தால் நடுவில் ஒரு டிஐ பெட்டியும் தேவை. நீண்ட வயரில் ஏறும் இரைச்சலை அது தடுக்கும்.

படி 7: வாசிக்கும் இடத்தில் மீண்டும் சரிசெய்யுங்கள்

தாழ்ந்த சத்தத்தில் நம் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே உணர்கிறது என்பதை பிளெட்சர், மன்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1933 இல் அளந்து காட்டினார்கள். இரவில் அறைக்குள் மெல்லிய சத்தத்தில் அமைத்த தொனி மேடையில் அதிர்வதும் குத்துவதும் இதனால்தான். எனவே மேடையில் பேஸையும் டிரைவையும் சற்றுக் குறைத்து, மிட்டைக் கூட்டுங்கள். தனியாக வாசித்து முடிவெடுக்காமல், குழு முழுவதும் வாசிக்கும்போது கேளுங்கள். உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்தில் கட்டடமே எதிரொலியைத் தருவதால் ரிவேர்பை அணைத்து டிலேயைக் குறைக்கலாம். கோயில் வெளிவீதியிலோ கடற்கரை மேடையிலோ ஒலி திரும்பி வராததால் இரண்டையும் சற்றுக் கூட்டலாம்.

படி 8: பராமரிப்பு

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலித்தாலோ, பிளக்கை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தாலோ, உள்ளே ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கின்றன. மின்னிணைப்புகளுக்கென விற்கப்படும் துப்புரவுத் தெளிப்பானைச் சிறிதளவு அடித்து, குமிழைப் பலமுறை இருபுறமும் திருப்புங்கள். பிளக்கின் உலோகம் மங்கிக் கறுத்திருந்தால் உலர்ந்த துணியால் பளபளக்கத் தேயுங்கள். பெடல்களை ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். பற்றரியில் இயங்கும் பெடல்களில், கிற்றாரிலிருந்து வரும் கேபிளைச் சொருகியவுடனேயே மின்சாரம் ஓடத் தொடங்கும். பெடலை அணைத்து வைத்தாலும் அது நிற்காது என்பதால், வாசித்து முடித்ததும் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டே பெட்டியை மூடுங்கள்.