அதிக எடையுள்ளவர் மலைப்பாதை சைக்கிள் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர், கடையில் முழுதாக விற்கும் வண்டியை வாங்காமல் உதிரிபாகங்களைத் தாமே தேர்ந்தெடுத்து மலைப்பாதைக்கான சைக்கிள் ஒன்றைக் கட்ட நினைக்கும்போது, பேச்சு பெரும்பாலும் ஃபிரேமிலிருந்தே தொடங்குகிறது. அலுமினியமா, குரோமோலி ஸ்டீலா, கார்பனா என்று வாரக்கணக்கில் யோசித்து முடித்த பிறகு கியர், அதன் பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், கடைசியில் கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைக்கும் சக்கரங்கள். இந்த வரிசையே முதல் தவறு. எடை கூடியவரின் வண்டியில் முதலில் கைவிடுவது பின்சக்கரம். அடுத்தது பிரேக், அதற்கடுத்தது சஸ்பென்ஷன். அளவு பொருந்திய, ஓட்டும் பாதைக்கு ஏற்ற ஃபிரேம் முறிந்துபோவது இவற்றைவிட அரிது. ஆகையால் யோசனையையும் செலவையும் சக்கரத்தில் தொடங்கி, அந்தச் சக்கரத்துக்கு இடம் கொடுக்கும் ஃபிரேமைப் பிறகு தேடுவதே சரியான வழி.

அதற்கும் முன்பாக ஓர் எண்ணை ஒளிவுமறைவின்றி எழுதிக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்கள் சொல்லும் எடை வரம்பை ஓட்டுபவரின் உடல் எடைக்கு மட்டும் உரியது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பல நிறுவனங்களின் கணக்கில் அது ஓட்டுபவர், சைக்கிள், சுமை ஆகிய மூன்றும் சேர்ந்த மொத்த எடை. எடுத்துக்காட்டாக, ட்ரெக் நிறுவனத்தின் பல மாடல்களுக்கு இந்த மொத்த வரம்பு 136 கிலோ. 118 கிலோ எடையுள்ளவர் தமக்கு 18 கிலோ மிச்சமிருப்பதாக நினைக்கலாம். உடை, ஷூ, ஹெல்மெட்டுக்கு 3 கிலோ, தண்ணீருக்கும் கருவிகளுக்கும் 4 கிலோ, வண்டிக்கு 15 கிலோ என்று கூட்டினால் அவர் 140 கிலோவில் நிற்கிறார். வரம்பு தாண்டிவிட்டது. ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் சீட் போஸ்ட், பெடல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கக்கூடும். டைட்டானியம் அச்சு கொண்ட பெடல்களில் 85 கிலோவோடு நிற்பவையும் உண்டு. இவற்றில் எது மிகக் குறைவோ அதுவே முழு வண்டியின் வரம்பு. ஆறு மாதத்தில் எடையைக் குறைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில், வரப்போகும் எடைக்கு வண்டி கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த ஆறு மாதமும் பாதையில் ஓடப்போவது இன்றைய உடலோடுதான். இன்றைய எண்ணைக் கூச்சமில்லாமல் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நல்ல மெக்கானிக்காலும் நல்ல சக்கரம் கட்ட முடியாது.

இனி சக்கரத்துக்கு வருவோம். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, கனமான கம்பி போட்டால் சக்கரம் உறுதியாகிவிடும் என்று நினைப்பது. ஸ்போக் கம்பி ஒரே அடியில் அறுந்துபோவது குறைவு, களைத்துத்தான் அறுகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தரையை நோக்கி வரும் கம்பிகள் சற்றுத் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகின்றன. ஓட்டுபவரின் எடை கூடக் கூட இந்தத் தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் இடையிலான ஊசலாட்டமும் கூடுகிறது. தொடக்கத்திலேயே கம்பி போதிய இறுக்கம் இல்லாமல் கட்டப்பட்டிருந்தால், கீழே வரும் கணத்தில் அது முற்றிலும் தொய்ந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் துளைக்குள் வளைந்து நுழையும் கழுத்துப் பகுதி லட்சக்கணக்கான முறை அசைந்து, ஒரு நாள் அங்கேயே துண்டாகிறது. அறுந்த கம்பியை எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி புதிதுபோல் இருக்கும். உடைந்திருப்பது தலைக்குக் கீழே உள்ள அந்த வளைவாகத்தான் இருக்கும்.

இதனால்தான் முழு நீளமும் ஒரே தடிமன் கொண்ட 2.0 மி.மீ. கம்பியைவிட, இரு முனைகளில் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என மெலிந்திருக்கும் கம்பி எடை கூடியவருக்கு நல்லது. மெலிந்த நடுப்பகுதி சற்று அதிகமாக நீண்டு கொடுப்பதால் முழுவதும் தொய்ந்துபோகாமல், சுமையைப் பக்கத்துக் கம்பிகளோடு பகிர்ந்துகொள்கிறது. பின்சக்கரத்துக்கு இன்னும் உறுதி வேண்டுமானால் கழுத்தில் மட்டும் தடித்த கம்பிகள் இருக்கின்றன. டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் ஆல்பைன் 3 என்ற கம்பி கழுத்தில் 2.34, நடுவில் 1.8, மறுமுனையில் 2.0 மி.மீ. எண்ணிக்கையில் 32 கம்பிகளுக்குக் கீழே போக வேண்டாம். 28 கம்பிகள் கொண்ட ரெடிமேட் சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் விட்டுவிடலாம். கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்களில் அலுமினியத்துக்குப் பதிலாகப் பித்தளை, ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கிட்டுச் செல்லும் மூன்று குறுக்குப் பின்னல், உள்ளகலம் 30 மி.மீ. அளவில் உள்ள, எடை மிச்சம் பிடிக்காத அலுமினிய ரிம் ஆகியவை போதும். இவை ஒன்றும் பெரிய செலவு வைப்பவை அல்ல.

உண்மையான செலவு கைவேலையில் இருக்கிறது, அங்கேதான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். ரிம் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து பெண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை இங்கே பற்றாது. இழுவிசை அளக்கும் மீட்டர் வைத்து, பின்சக்கரத்தின் கியர் பக்கக் கம்பிகளை ரிம் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் ஏறத்தாழ 100 முதல் 120 கிலோ விசைக்குக் கொண்டுவந்து, ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும்படி சமன்செய்ய வேண்டும். பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கையால் பலமாக அழுத்தி, வளைவில் தங்கியிருக்கும் தகைவை நீக்கி, மறுபடி அளக்க வேண்டும். இந்த அழுத்தும் வேலையைச் செய்யாத சக்கரம் முதல் சில சவாரிகளிலேயே நெளியத் தொடங்குகிறது. மூன்று நான்கு கம்பிகள் அடுத்தடுத்து அறுந்த பிறகும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பதும் வீண்வேலை. மற்றவையும் அதே அளவு களைத்திருக்கும், முழுச் சக்கரத்தையும் புதுக் கம்பியில் கட்டுவதே வழி.

ஃபிரேம் தேர்வு இங்கிருந்து பிறக்கிறது. 148 மி.மீ. அகலமுள்ள பூஸ்ட் வகைப் பின் ஹப்பில் இருபுறத் தட்டுகளும் பழைய ஹப்பைவிட விலகியிருப்பதால் கம்பிகள் அகன்ற கோணத்தில் ரிம்மைத் தாங்குகின்றன. ஃபிரேமின் இருபுறத் துளைகளையும் ஊடுருவி இறுகும் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் அச்சும் சேரும்போது பின்பகுதி பக்கவாட்டில் ஆடுவது குறைகிறது. ஆகவே மெல்லிய அச்சு கொண்ட பழைய 135 மி.மீ. குவிக் ரிலீஸ் ஃபிரேமை விலை மலிவென்று வாங்கிவிட்டு அதைச் சுற்றி வண்டி கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஹப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, பின் பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீஹப் எதனால் ஆனது என்றும் கேட்க வேண்டும். மெல்லிய அலுமினிய உடலின் மீது தனித்தனிப் பல்சக்கரங்கள் கொண்ட கேசட்டை மாட்டினால், ஏற்றத்தில் விழும் முழு மிதிவிசையும் அந்தப் பற்களை உலோகத்துக்குள் கடிக்க வைத்து, கழற்றவே முடியாத நிலை வந்துவிடும். ஸ்டீல் உடல் சில பத்து கிராம்கள் கூடுதல், அவ்வளவுதான். மின்சார சைக்கிளுக்கென்று பலப்படுத்தப்பட்ட ஹப்புகளை, டிடி ஸ்விஸ் 350 ஹைப்ரிட் போன்றவற்றை, மோட்டார் இல்லாத வண்டியிலும் பொருத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பிரேக்கில் நடக்கும் தவறு, நிறுத்தும் பலத்தை மட்டும் நினைத்து வெப்பத்தை மறப்பது. மொத்தம் 140 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 412 கிலோஜூல். 85 கிலோவுக்கு அது 250 கிலோஜூல். முன்னது ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. செங்குத்தான, வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் வேகம் குறைவாக இருப்பதால் காற்று இதில் சிறு பங்கையே வாங்கிக்கொள்கிறது. மற்றதில் பெரும்பகுதி பிரேக் பேடுகள் பிடிக்கும் வட்டத் தகடுகளான இரண்டு மெல்லிய ரோட்டர்களுக்குள் போகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர் பிரேக்கை முழுதாக விட்டுக் குளிரவைக்கும் வாய்ப்பே குறைவு என்பதை எண்ணிப் பார்க்கலாம். முன்புறம் 203 மி.மீ. ரோட்டரும் நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக்கும் இங்கே ஆடம்பரம் அல்ல. 160 மி.மீ. ரோட்டரோடு ஒப்பிட்டால் 203 மி.மீ. ரோட்டர் அதே பிடிக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் திருப்புவிசை தருவதோடு, வெப்பத்தை ஏற்கவும் அதிக உலோகம் கொண்டிருக்கிறது. பின்புறமும் 180 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஷிமானோவின் நான்கு பிஸ்டன் டியோர் பிரேக்கோ, மகுரா எம்டி5 பிரேக்கோ எடுத்தால் போதும். அதற்கு மேல் செலவிடுவது விருப்பம். ஆனால் விலை குறைந்த ரோட்டர்கள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பொறிக்கப்பட்டிருக்கும். நீண்ட இறக்கத்துக்கு ஏற்ற மெட்டல் பேடை அதில் போட்டால் ரோட்டர் விரைவில் தேய்ந்துவிடும். ஃபோர்க் எத்தனை மி.மீ. ரோட்டர் வரை தாங்கும் என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

ஃபோர்க்கில் ஸ்பிரிங் வகையா காற்று வகையா என்பதற்கு எடை கூடியவருக்குத் தெளிவான பதில் உண்டு: காற்று வகை. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கின் தலையில் உள்ள திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நம்புவது மிகப் பரவலான தவறு. அந்தத் திருகு ஸ்பிரிங்கின் தொடக்க அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறது; ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்ற இயல்பை மாற்றுவதில்லை. காற்று ஃபோர்க்கிலும் ஒரு கவனம் வேண்டும். கீழ்க்காலில் ஒட்டியிருக்கும் அழுத்த அட்டவணை பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு மேல் அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, அந்த எல்லைக்குள் உட்காரும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அமுங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பள்ளத்தில் அடிவரை இடிக்கிறது என்பதற்காகக் காற்றை ஏற்றிக்கொண்டே போனால் சிறு கற்களில் ஃபோர்க் அசையாது. அதற்குத் தீர்வு, காற்றறையின் இடத்தைக் குறைக்க உள்ளே போடும் வால்யூம் டோக்கன்கள். அழுத்தம் கூடும்போது ஃபோர்க் துள்ளித் திரும்பும் வேகமும் கூடுவதால் ரீபவுண்ட் திருகை இறுக்க வேண்டும். அது முழுதாக இறுகிய பிறகும் துள்ளல் அடங்கவில்லை என்றால், துள்ளலை அடக்க உள்ளிருக்கும் டேம்பரை எடைக்கேற்ப மாற்றித் தருமாறு சர்வீஸ் மையத்தைக் கேட்கலாம். ஃபோர்க் கால்களின் விட்டம் 32 மி.மீ. என்றால் யோசிக்க வேண்டும். 35 அல்லது 36 மி.மீ. கால்கள் பிரேக் பிடிக்கும்போது அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது.

பின்புறமும் சஸ்பென்ஷன் வேண்டும் என்பவர்கள் ஒரு வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்: பின்சக்கரத்தின் நகர்வை, பின்புற அதிர்வுதாங்கியான ஷாக்கின் நகர்வால் வகுப்பது. 140 மி.மீ. நகர்வுக்கு 50 மி.மீ. ஷாக் என்றால் விகிதம் 2.8, 150 மி.மீ.க்கு 65 மி.மீ. என்றால் ஏறத்தாழ 2.3. விகிதம் கூடினால் அதே உடலைத் தாங்க ஷாக்கில் அதிகக் காற்று தேவை. ராக்‌ஷாக்ஸ் டீலக்ஸ் ஷாக்கின் உச்சவரம்பு 325 பிஎஸ்ஐ, ஃபாக்ஸ் ஃப்ளோட் டிபிஎஸ் ஷாக்குக்கு 350. அதைத் தொட்ட பிறகும் வண்டி அமுங்கினால் வேறு வழியில்லை, ஃபிரேமே தவறான தேர்வு. முதல் முறை கட்டுபவருக்குப் பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயிலையே பரிந்துரைப்பேன். அதில் மிச்சமாகும் பணம் நேராகச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போகும்.

ரிம் கல்லில் இடிக்கக் கூடாது என்று டயரில் 45 பிஎஸ்ஐ ஏற்றிவைப்பது பிடிமானத்தைக் கொன்றுவிடும், அகலமான ரிம்களில் அது அனுமதிக்கப்பட்ட வரம்பையே தாண்டக்கூடும். 2.4 முதல் 2.6 அங்குல அகலத்தில், பக்கச்சுவர் தடித்த டயரை டியூப்லெஸ்ஸாக மாட்டி, 115 கிலோ அளவுள்ளவர் பின்புறம் 30, முன்புறம் 26 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பாதைக்கேற்ப இறக்கியோ ஏற்றியோ பார்க்கலாம். மேக்ஸிஸ் டயர்களில் டபுள்டவுன் வகை கனமானது. பின்சக்கரத்துக்கு அந்தக் கனம் தகும்.

கியரில் முன்பல்சக்கரத்தைச் சிறிதாக எடுக்கத் தயங்குகிறார்கள். 29 அங்குலச் சக்கரத்தில் முன்னே 32 பல், பின்னே 51 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.45 மீட்டர் நகரும். முன்னே 28 பல் என்றால் 1.27 மீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதா, ஓட்டியே ஏறுவதா என்பதை இந்த வேறுபாடு முடிவு செய்யும். மிதிவிசை கூடியவர்களுக்கு ஷிமானோவின் 11 வேக லிங்க்கிளைட் கியர் தொகுதி மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. கனம் கூடுதல், ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதையே குறியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாக: உடல் பெரிதென்பதால் அகன்ற மெத்தைச் சீட் வேண்டும் என்பதில்லை. சீட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது இடுப்பின் அடியில் உள்ள இரு எலும்புகளுக்கு இடையிலான தூரம். அதை அளந்து, குரோமோலி ஸ்டீல் அடிக்கம்பிகள் கொண்ட உறுதியான சீட்டை எடுக்க வேண்டும்.

வண்டி கையில் வந்த நாளோடு வேலை முடிந்ததாக நினைப்பதும் தவறு. புதுச் சக்கரம் முதல் சில சவாரிகளில் படியும்; அதன் பிறகு கம்பிகளின் இழுவிசையை ஒருமுறை மீட்டரில் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கிராங்க், ஸ்டெம், ரோட்டர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் இரு பக்கங்களுக்கும் கம்பியின் நீளம் வேறுபடக்கூடும் என்பதாலும், இந்த வகைக் கம்பிகள் தெருமுனைச் சைக்கிள் கடையில் கிடைக்காது என்பதாலும், சக்கரம் கட்டும்போதே ஒவ்வொரு நீளத்திலும் நான்கைந்து கம்பிகளை நிப்பிளோடு கூடுதலாக வாங்கி, எது எந்தப் பக்கத்துக்கு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.